ட்விஸ்ட் விவாதத்தில் ஜெயிப்பது எப்படி? குன்றத்தூர்வாசிகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஸ்க்விட் கேம் மூன்று சீசனும் சேர்த்து மொத்தம் 22 எபிசோடுகள். பாத்ரூமுக்கு மட்டும்தான் எழுந்திருப்பது என்று முடிவுகட்டிவிட்டால் ஒரு சனி, ஞாயிறில் பார்த்து முடித்துவிடலாம். பார்ப்பது பெரிய காரியமில்லை. பார்த்த பிறகு பேசி ஜெயிப்பதுதான் காரியம்.

கதை தெரியாதவர் யாராவது இன்னும் இருந்தால், சுருக்கம் இது: கடனில் மூழ்கிய 456 பேரை ஒரு தீவில் அடைத்து, சின்னப்பிள்ளை விளையாட்டுகளை ஆடவிட்டு, தோற்றவர்களைச் சுட்டுவிடுகிறார்கள். மிஞ்சுகிறவருக்கு 4,560 கோடி வோன். குன்றத்தூரில் நடக்கும் போட்டிக்கு அதைவிடப் பெரிய பரிசு இருக்கிறது. “எனக்கு அப்பவே தெரியும்” என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அந்த நாலு பேரும் பதில் பேச வழியில்லாமல் டீ கிளாஸைக் கீழே வைக்க வேண்டும். இதற்காக நீங்கள் ஏற்கெனவே நிறைய உழைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் முறையாக உழைக்கவில்லை. இனிமேல் கீழ்க்கண்டபடி செய்யுங்கள்.

1. கடைசி எபிசோடை முதலில் பாருங்கள்

மூன்றாவது சீசன் 2025 ஜூன் 27, வெள்ளிக்கிழமை பகல் 12.30 மணிக்கு நம் ஊர் டி.வி.க்கு வந்துசேர்ந்தது. அந்த நேரத்தில் யோக்கியர்கள் ஒரகடத்தில் ஷிஃப்டிலும் மணப்பாக்கத்தில் மீட்டிங்கிலும் இருந்தார்கள். நீங்கள் வயிறு சரியில்லை என்று லீவு போட்டிருந்தீர்கள். சரியான தேர்வு. காய்ச்சல் என்று சொன்னால் டிகிரி கேட்பார்கள். வயிறு என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் விவரம் கேட்பதில்லை.

ஆனால் அதற்குப் பிறகு முதல் எபிசோடிலிருந்து ஆரம்பித்தீர்களே, அங்கேதான் கோட்டைவிட்டீர்கள். ஆறு எபிசோடையும் வரிசையாகப் பார்த்து முடிப்பதற்குள் பம்மலில் இருக்கும் உங்கள் சகலை நேராக ஆறாவதைப் பார்த்துவிட்டு போன் பண்ணிவிடுவார். ஆகவே ஆறாவதில் ஆரம்பியுங்கள். எண் 456 போட்ட நாயகன் சாகிறானா, குழந்தை பிழைக்கிறதா, கடைசிக் காட்சியில் லாஸ் ஏஞ்சல்ஸில் அட்டை அடித்து விளையாடும் அம்மாள் கேட் பிளான்செட்தானா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒன்றரை மடங்கு வேகம் போதும். அழுகிற இடங்கள் வந்தால் பத்துப் பத்து விநாடியாகத் தள்ளிவிடுங்கள்.

சாயங்காலம் குடும்பத்தோடு உட்கார்ந்து முதல் எபிசோடிலிருந்து பாருங்கள். மோவாயைத் தடவிக்கொண்டே பாருங்கள். கர்ப்பிணியாக வரும் 222 திரையில் தெரிந்ததும் ரிமோட்டை அழுத்தி நிறுத்தி, “இந்தப் பொண்ணைக் கவனிச்சுக்குங்க. ஆட்டமே அந்த வயித்துல இருக்கு” என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு உடனே ஓடவிடாதீர்கள். எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்க்கும் வரை திரை நிற்கட்டும். “நீ முன்னாடியே பாத்துட்டியா?” என்று மனைவி கேட்டால் மனம் புண்பட்டவர்போல முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முக்கால் மணி நேரத்துக்கு அவர் கேட்க மாட்டார்.

2. மூன்று ஆரூடம், மூன்று குரூப்

தொடர் வருவதற்கு முந்தைய நாளே உங்கள் கணிப்பை எழுத்தில் பதிவுசெய்துவிடுங்கள். ஒரு கணிப்பு போதாது. ஆபீஸ் குரூப்பில் “456 ஜெயிச்சுடுவான்” என்று போடுங்கள். சொந்தக்காரர்கள் குரூப்பில் “456 செத்துடுவான்”. அப்பார்ட்மென்ட் குரூப்பில், ஆட்டத்தை நடத்தும் முகமூடித் தலைவனைப் பற்றி, “ஃப்ரண்ட் மேன் திருந்திடுவான்”. எங்கேயாவது ஒன்று பலிக்கத்தான் வேண்டும். பலித்ததை மற்ற இரண்டு குரூப்புக்கும் ஃபார்வர்டு செய்யுங்கள். பலிக்காததை அழித்துவிடுங்கள்.

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்துவதற்கு 15 நிமிடம்தான் அவகாசம். திருத்தினால் பக்கத்திலேயே ‘திருத்தப்பட்டது’ என்று காட்டிக்கொடுத்தும்விடும். எல்லோருடைய போனிலிருந்தும் அழிப்பதற்கு இரண்டு நாளும் சொச்சமும் தருகிறார்கள். ஆறு எபிசோட் பார்ப்பதற்கு அது தாராளம். இந்த இரண்டு நாள் கணக்கை யார் வகுத்தாரோ, அவரும் ஒரு தொடர்ப் பைத்தியமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் அனுமானம். செய்தி நீக்கப்பட்ட தடயம் மட்டும் குரூப்பில் நிற்கும். யாராவது கேட்டால் குழந்தை போனை எடுத்து அமுக்கிவிட்டது என்று சொல்லுங்கள். உங்கள் குழந்தைக்குப் பத்தொன்பது வயது என்பது அந்த குரூப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஓர் ஆபத்து மட்டும் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட். இதைப் பற்றிக் குன்றத்தூரில் பிறந்தவரே எச்சரித்திருக்கிறார். சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே ஒரு வழக்கு வருகிறது. புத்தூரில் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் சுந்தரரிடம் ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை, ஓலை இருக்கிறது என்கிறார். மாப்பிள்ளை கோபத்தில் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப்போட்டுவிடுகிறார். அதாவது ‘டிலீட் ஃபார் எவ்ரிஒன்’. கிழவர் அசரவில்லை. கிழித்தது படியோலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி, திருவெண்ணெய்நல்லூர் சபையில் எடுத்து நீட்டி வழக்கையும் ஜெயித்துவிடுகிறார். உங்கள் குரூப்பிலும் மூல ஓலையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், குட்மார்னிங் படம் அனுப்புகிறவர். அவர் குட்மார்னிங்குக்குத் தவறாமல் பூ போட்டு, நல்ல உறவு பேணுங்கள்.

3. சொல்லாமல் சொல்லுங்கள்

முடிவை நேரடியாகச் சொல்வது நாகரிகமில்லை. “நான் எதுவும் சொல்ல மாட்டேன்பா” என்று ஆரம்பியுங்கள். இப்படி ஆரம்பித்த வாக்கியம் எதையும் சொல்லாமல் முடிந்ததாக எனக்கு நினைவில்லை. “நான் எதுவும் சொல்ல மாட்டேன்பா, ஆனா கோலி எபிசோட்ல ஒருத்தன் செத்ததைக் காட்டவே இல்ல, யோசிச்சியா?” என்று கேட்டுவிட்டு, கோவூர் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுங்கள். பொதுத்தேர்வு முடிந்ததும் பார்க்கலாம் என்று ஆசையாக ஒதுக்கி வைத்திருக்கும் அக்கா மகன்தான் இதற்கு உகந்த ஆள். லிஃப்டில் மாட்டுகிறவர் அடுத்த தேர்வு. நாலு மாடிக் கட்டடத்தில் ஒரு முடிவைச் சொல்வதற்கு இரண்டு மாடி தூரம் போதும்.

4. சேக்கிழாரைச் சாட்சிக்கு அழையுங்கள்

இந்த ஆயுதம் தாம்பரத்துக்காரர்களிடம் கிடையாது. பல்லாவரத்திலும் கிடையாது. ஆகவே இதை மிகக் கவனமாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதல் சீசன் 2021 செப்டம்பரில் வந்தது. எண் 001 போட்ட, தள்ளாத கிழவர். மூளையில் கட்டி. ஆளாளுக்கு உயிர் நடுங்கும் இடத்தில் அவர் மட்டும் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு ஓடுவார். அவரை நினைத்து நாமெல்லாம் உருகினோம். ஒன்பதாவது எபிசோடில் பார்த்தால் மொத்த விளையாட்டையும் உண்டாக்கி நடத்தியவரே அவர்தான். உலகமே வாயைப் பிளந்தது. குன்றத்தூர்க்காரர் வாயைப் பிளக்கலாமா?

12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கச் சோழனிடம் அமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் இதே வித்தையை எத்தனை முறை காட்டியிருக்கிறார்! சுந்தரர் கல்யாணத்துக்கு வந்த கிழவர் யார்? திருநீலகண்டரிடம் ஓட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு அதை மாயமாக மறைத்த யோகி யார்? அமர்நீதியாரிடம் கோவணத்தை வைத்துவிட்டுப் போன பிரமச்சாரி யார்? இயற்பகையாரிடம் போய் உன் மனைவியைக் கொடு என்று கேட்டவர் யார்? சிறுத்தொண்டர் வீட்டில் பிள்ளைக்கறி கேட்ட பைரவர் யார்? எல்லாம் ஒரே ஆள். வேஷம் போட்டு வந்து, எளிய மனிதர்களைச் சகிக்க முடியாத ஒரு சோதனைக்குள் தள்ளி, கடைசியில் தன்னைக் காட்டிக்கொள்பவர். சீரியலில் அடையாளம் தெரியாத வயசாளி ஒருவர் வந்து உட்கார்ந்தால், சேக்கிழார் ஊரில் பிறந்தவனுக்கு முதல் எபிசோடிலேயே மூக்கு வியர்க்க வேண்டாமா?

இதை நாகேஸ்வரர் கோயில் பக்கமாகக் கையைக் காட்டியபடி சொல்லுங்கள். அந்தக் கோயிலைக் கட்டியவரும் சேக்கிழார்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விவாதத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் எதிராளி வாட்டர் டேங்க் தவிர வேறு எதுவும் கட்டாதவர் என்பது தானாகவே உறைக்கும்.

ஒருவரிடம் மட்டும் இதைப் பேசாதீர்கள்: பெரியபுராணத்தை உண்மையிலேயே படித்தவரிடம். தெருவுக்கு ஒருவராவது இருக்கிற ஊர் இது. அவர் நிதானமாகக் கேட்பார். “தம்பி, அங்கே சீராளன் பள்ளிக்கூடத்துலேருந்து வர்ற பிள்ளையாட்டம் ஓடி வந்துட்டான். இயற்பகையாருக்கு வீட்டம்மா திரும்பிக் கிடைச்சாங்க. சோதிச்சவர் எடுத்ததை எல்லாம் திருப்பிக் கொடுத்துட்டுத்தான் போனார். உங்க கொரியாக்காரக் கிழவர் யாரைத் திருப்பிக் கொடுத்தார்?” இதற்குப் பதில் கிடையாது. இருந்தாலும் பின்வாங்காதீர்கள். “அது அடுத்த சீசன்ல வரும் சார்” என்று சொல்லுங்கள். அவர் மூன்றோடு முடிந்துவிட்டதை அறியாதவர்.

5. சுஜாதாவை நடுவில் இறக்குங்கள்

சேக்கிழார் எடுபடாத கூட்டமும் உண்டு. அங்கே, “இதெல்லாம் வாத்தியார் எண்பதுகள்லயே எழுதிட்டாரு” என்று பெருமூச்சோடு சொல்லுங்கள். எதைப் பற்றி வேண்டுமானாலும் இதைச் சொல்லலாம். செயற்கை நுண்ணறிவு, மெட்ரோ ரயில், தண்ணீர்ப் பஞ்சம், எல்லாவற்றுக்கும் பொருந்தும். எதையும் குறிப்பிட்டுச் சொல்லாததுதான் இந்த வாக்கியத்தின் பலம்.

குறிப்பாகக் கேட்டுவிட்டால் தடுமாறாதீர்கள். ‘என் இனிய இயந்திரா’ என்று பதில் சொல்லுங்கள். ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தது. பிறகு ஆனந்தும் சிவரஞ்சனியும் நடிக்க தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. கொடுங்கோல் எதிர்காலத்தைத் தமிழ்நாடு டி.வி.யில் முதலில் பார்த்துப் பயந்தது அப்போதுதான் என்று அடித்துச் சொல்லலாம். ஜீவா என்கிற ஒருவரின் ஆட்சி. குழந்தை பெறுவதற்கு அரசாங்கம் அனுமதி தர வேண்டும். வயதானவர்களுக்கு உயிரோடு இருக்க அனுமதி கிடையாது. பெயர்கள் எல்லாம் இரண்டெழுத்துதான்: நிலா, சிபி, ரவி, மனோ. ஜீனோ என்று பேசுகிற இயந்திர நாய். கதையில் திருப்பம் என்னவென்றால், ஊரே நடுங்குகிற அந்த ஜீவா ஓர் ஆளே கிடையாது, வெறும் பிம்பம்.

ரொம்ப நல்ல திருப்பம். இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் நீங்கள் அதை ரசித்துப் பேசுவதற்காக எடுக்கவில்லை. எதிரே இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பையனை உட்காரவைப்பதற்காக எடுக்கிறீர்கள். அவன் ஒருவேளை ஆர்வமாகி, “அப்படியா அங்கிள், புக் இருக்கா? படிக்கணும்” என்று கேட்டுத் தொலைத்தால் முடிவைச் சொல்லி அனுப்பிவிடுங்கள். புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். படித்துவிட்டு வந்தால் அடுத்த வாரம் அவன் உங்களுக்கு விளக்குவான்.

அவனும் சும்மா இருக்கப்போவதில்லை என்பதையும் எதிர்பாருங்கள். மணப்பாக்கம் ஐ.டி. பூங்காவில் வேலை பார்க்கிறவன் என்றால் உடனே ‘சீவரன்ஸ்’ என்பான். ஆபீஸுக்குள் நுழைந்ததும் வீட்டு ஞாபகம் அழிந்துவிடும், வெளியே வந்ததும் ஆபீஸ் ஞாபகம் அழிந்துவிடும் என்கிற கதை. “அது எதிர்காலம் இல்ல அங்கிள், எங்க புராஜெக்ட்” என்பான். சிரிக்காதீர்கள். சிரித்தால் அவனுக்கு ஒரு பாயின்ட்.

6. லாஜிக் இடிக்கிறது என்று சொல்லுங்கள்

எங்கே இடிக்கிறது என்று பிறகு தேடிக்கொள்ளலாம். மூன்றாவது சீசனில் தேடவே வேண்டாம், தயாராக ஒன்று இருக்கிறது: பட்டன். உயரமான தூண்கள் மேல் கடைசி ஆட்டம். தரையில் இருக்கிற பட்டனை அழுத்தினால்தான் சுற்று ஆரம்பிக்கும், ஆரம்பித்த பிறகு ஒருவராவது விழ வேண்டும். கடைசிச் சுற்றில் பட்டனை அழுத்தாமலே அடித்துக்கொள்கிறார்கள். குழந்தையின் அப்பன் விழுந்துவிடுகிறான். ஆனால் சுற்று ஆரம்பிக்காததால் அந்தச் சாவு கணக்கில் வராது. மிஞ்சியது 456-உம் குழந்தையும். ஆகவே அவன் குதிக்கிறான்.

“ஏன்யா, ஒரு பட்டனை முன்னாடியே அமுக்க மாட்டானா?” என்று கேளுங்கள். என் தலைக்கு மேல் கத்தி வந்தால் ஐந்தே விநாடியில் சரியான பட்டனைக் கண்டுபிடித்துவிடுவேன் என்பதுபோல் கேளுங்கள். மின்வாரியக் கட்டணத்தைக் கடைசி நாளில் கட்டப்போய் இரண்டு முறை கட்டிய உங்கள் கதை யாருக்கும் நினைவுக்கு வராத இடமாகப் பார்த்துக் கேளுங்கள்.

அடுத்து இயக்குநரைத் திருத்துங்கள். ஹ்வாங் டோங்-ஹ்யுக் இந்தக் கதையை எழுதிவிட்டுத் தயாரிக்க ஆளில்லாமல் பத்து வருடம்போல வைத்திருந்தார். முதல் சீசன் எடுத்த மன அழுத்தத்தில் அவருக்குப் பல் பல்லாக விழுந்தது. முதலில், 456 உயிரோடு தப்பித்து அமெரிக்காவுக்குப் போய் மகளைப் பார்க்கிற மாதிரிதான் முடிவை யோசித்ததாகவும், எழுத எழுத அது மாறிவிட்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். இந்தத் தகவல்கள் எதுவும் உங்களை இளக்கிவிடக் கூடாது. “முதல்ல யோசிச்சதையே எடுத்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு, டீக்கடைக்காரரிடம் சர்க்கரை கம்மியாக இன்னொன்று கேளுங்கள். பல் மீது அக்கறை உள்ளவர் நீங்கள்.

7. கோலி உங்களுக்கு ஆடத் தெரியும் என்பதை மறக்கவிடாதீர்கள்

முதல் சீசனின் ஆறாவது எபிசோட். ஜோடி சேரச் சொல்வார்கள். கூட்டணி என்று நினைத்து எல்லோரும் தமக்குப் பிரியமானவரோடு சேர்வார்கள். பிறகுதான் தெரியும், அந்த ஜோடியில் ஒருவர்தான் வெளியே வரலாம். ஆளுக்கு 10 கோலி, அரை மணி நேரம். அலி தன் அண்ணன்போல் நம்பிய ஆள் கோலிப் பையில் கூழாங்கற்களைப் போட்டு மாற்றிவிடுவான். அலி பையைத் திறந்து பார்க்கிற இடம் வரும்.

அந்த இடத்தில் யாராவது கண்ணைத் துடைத்தால் உடனே குறுக்கிடுங்கள். “நாங்கல்லாம் பேந்தா ஆடி முட்டி தேய்ஞ்சவங்க. பையோட கனத்தை வச்சே சொல்லிடுவோம்.” ஏரிக்கரையில் கோலி ஆடிய காலத்தில் நீங்கள் தோற்றுத் தோற்று மொத்த டப்பாவையும் இழந்து அழுதுகொண்டு வந்ததை உங்கள் அண்ணன் சொல்ல ஆரம்பித்தால், அலியாக நடித்த அனுபம் திரிபாதி டெல்லிக்காரர், ஆனால் கதையில் பாகிஸ்தானி என்பதைச் சொல்லிப் பேச்சை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். திருப்பிவிட்ட பிறகு கதையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பத்து மணி வரை கவலை இல்லை.

8. ஓட்டெடுப்பு நடத்துங்கள்

நீங்கள் அப்பார்ட்மென்ட் குரூப்பின் அட்மின் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் முதலில் அதற்கு வழி பாருங்கள். கீழே சொல்லப்போவது எதுவும் அதிகாரம் இல்லாதவரால் ஆகாது.

மழைக்காலம். செம்பரம்பாக்கம் ஏரி 24 அடியில் எத்தனை அடி நிரம்பியிருக்கிறது என்று ஜி-1 கேட்டிருப்பார். 2015 டிசம்பரைப் பார்த்தவர், அவர் பயம் அவருக்கு. தண்ணீர் லாரி வருமா என்று எஃப்-2 கேட்டிருப்பார். அதற்குக் கீழே, “ஃப்ரண்ட் மேன் நல்லவனா கெட்டவனா? விளக்குக” என்று போடுங்கள். அரை மணி நேரத்தில் ஏரி மேலே போய் மறைந்துவிடும்.

எஃப்-2 எரிச்சலாகி, “இந்த குரூப்ல சீரியல் பேசலாமா கூடாதா?” என்று கேட்பார். நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு ஓட்டெடுப்பு போடுங்கள். இதற்கும் தொடரிலேயே முன்மாதிரி இருக்கிறது. முதல் சீசனில் ஆட்டத்தை நிறுத்தலாமா என்று 201 பேர் ஓட்டுப் போட்டார்கள், 101-க்கு 100 என்று நின்றது. இரண்டாவது சீசனில் தொடரலாம் என்று 183 பேர், வேண்டாம் என்று 182 பேர். இரண்டு தடவையும் கடைசி ஓட்டு யாருடையது என்று கவனித்தீர்களா? 001 உடையது. முதல் தடவை நிறுவனர், அடுத்த தடவை ஃப்ரண்ட் மேன். நடத்துகிற ஆள் கடைசியாக ஓட்டுப் போட வேண்டும் என்பதுதான் விதி. நீங்களும் எல்லோரும் போட்ட பிறகு, எண்ணிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

தோற்ற கட்சியை உடனே நீக்க வேண்டாம். ஒரு நாள் விடுங்கள். எஃப்-2 தண்ணீர் லாரியைப் பற்றி மறுபடியும் கேட்பார். அப்போது “பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்படாததால்” என்று ஆரம்பித்து நீக்குங்கள். கீழே மூன்று பேர் கும்பிடு போடுவார்கள், ஒருவர் கட்டைவிரல் போடுவார், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அவர் பெயர் என்ன என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். எட்டு வருடமாக ஜி-1 ஆன்ட்டி, எஃப்-2 சார், எஸ்-3 பையன் என்றுதானே கூப்பிடுகிறோம். சுஜாதாவின் ஜீவாவாவது குடிமக்களுக்கு இரண்டு முழு எழுத்தைக் கொடுத்தார். நமக்கு ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் போதுமானதாக இருக்கிறது.

9. சும்மா பார்த்தவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

இதுவரை சொன்ன எதிரிகள் எல்லோரும் உங்களைப் போன்றவர்கள். அவர்களுக்கும் பரிசு வேண்டும், ஆகவே அவர்களைச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாத ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். நீங்கள் மூன்றாவது சீசனை நிறுத்தி நிறுத்தி விளக்கியபோது பின்னால் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே தமிழ் டப்பிங்கில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா.

அவருக்குத் தியரி கிடையாது. யார் யாருடைய அண்ணன் என்பதில் குழப்பம் உண்டு. முகமூடிக்காரர்களை “அந்த ரோஸ் சட்டைப் பசங்க” என்பார். நீங்கள் பட்டன் விஷயத்தை மூன்றாவது தடவையாக விளக்கி முடித்ததும் கேட்பார்: “அது சரி, அந்தக் குழந்தைக்கு யாருடா பால் கொடுப்பாங்க?”

என்ன கேட்கிறார் என்பதே முதலில் உங்களுக்குப் புரியாது. எந்தக் குழந்தை? 222 செத்துவிட்டாள், அவள் எண்ணைக் குழந்தைக்குக் கொடுத்தார்கள், குழந்தை ஜெயித்துவிட்டது, விஷயம் முடிந்தது. “அது ஒரு குறியீடும்மா” என்று சொல்லுங்கள். விடமாட்டார். “குறியீடுன்னா பசிக்காதா?” கடைசியில் ஃப்ரண்ட் மேனுடைய துப்பறிகிற தம்பி வீட்டில் பரிசுப் பண அட்டையோடு அந்தக் குழந்தையை வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று தகவல் கொடுங்கள். அதுவும் போதாது. “அவன் ஒண்டிக்கட்டையாச்சே. ராத்திரி அழுதா என்ன பண்ணுவான்?”

22 எபிசோடையும் இரண்டு தடவை பார்த்த உங்களுக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை என்பதை யாரும் கவனிப்பதற்குள் அவசரமாகச் செயல்படுங்கள். சத்தத்தைக் கூட்டுங்கள். அல்லது எழுந்துபோய் மொட்டை மாடியில் தண்ணீர் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். திரும்பி வரும்போது அவர் பீன்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருப்பார். விவாதத்தில் நீங்கள் ஜெயித்ததாகவே வைத்துக்கொள்ளலாம். எதிர்த்தரப்பு ஆஜராகவில்லை.

10. பயிற்சிக்குப் பின்

அடுத்து எந்தத் தொடர் வருகிறது என்று பார்த்து, அது வருவதற்கு முன்பே பிடிக்காமல் போய்விடுங்கள். நாகா இயக்கி, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய மர்மதேசத்தை வாரா வாரம் காத்திருந்து பார்த்த தலைமுறை, அடுத்த வாரம் வரை ஏழு நாளும் கதையைத்தான் பேசியது, யார் முதலில் சொன்னது என்று பேச நேரமில்லை. மொத்த எபிசோடும் ஒரே பகலில் வந்து விழுகிற உங்களுக்கு அந்தச் சிரமம் வைக்கவில்லை. வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்தக் கையேட்டில் ஸ்க்விட் கேமின் முதல் சீசன் முடிவும், மூன்றாவது சீசன் முடிவும், சுஜாதா கதையின் திருப்பமும், பெரியபுராணத்தில் ஐந்து அடியார்களின் கதையும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. முன்னெச்சரிக்கை எதுவும் போடவில்லை. ஆட்சேபம் உள்ளவர்கள் எஸ்-3இல் வந்து சொல்லலாம். சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பது மணி வரை மட்டும் வேண்டாம், அம்மா சீரியல் பார்க்கிறார். எஃப்-2 எப்போது வேண்டுமானாலும் வரலாம், தண்ணீர் லாரிக்காரர் நம்பர் அவரிடம்தான் இருக்கிறது.